மச்சானின் ஆஸ்டினில் பதினோரு வேலைகள்

“மயில் வேண்டாம்னா ஒரு கிளியாச்சும் வையுங்களேன்.”

“கமரு, நான் மவுத்தானாலும் சரி, என் வண்டி மேல பறவை உக்காராது.”

“தினம் காக்கா உக்காந்துட்டுத்தான் போகுது. போகும்போது சும்மாவா போகுது?”

“அது அல்லா அனுப்புறது. கடைவீதி ரசூல் வண்டியில வச்சிருக்கானே, அது தகரத்துல வெட்டுனது.”

“தகரத்துல வெட்டுனதுதான் ரெண்டு வருஷமா கப்பு வாங்கிட்டுப் போகுது. உங்களுக்கு என்ன வந்துச்சு? ஒரு காயிதம்.”

காயிதம் என்ற சொல்லைக் கேட்டதும் மச்சான், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த பானெட்டை இன்னொரு முறை துடைக்க ஆரம்பித்தார்.

கிளி கேட்டவள் என் அக்கா கமருன்னிசா. பறவையே ஆகாது என்றவர் அவள் புருஷன் அப்துல் மாலிக், பாலக்கரையில் கார் பட்டறை வைத்திருப்பவர். இருவருக்கும் நடுவே ஒன்றும் அறியாததுபோல நின்றுகொண்டிருந்தது 1949-ஆம் வருஷத்து ஆஸ்டின் கார். கவிழ்த்த கிரீஸ் டின்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வைத்துக்கொண்டு, சண்டையைக் கேட்பதா நாவலில் பனி பெய்வதைப் பார்ப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தவன் பஷீர் அகமது. அது நான். உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தா. சாயங்காலங்களில் ஏதாவதொரு பனி நாட்டின் குடிமகன்.

மன்னார்புரத்தில் ஒரு மைதானம் இருந்தது. வருஷா வருஷம் ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் பிரியர் சங்கம் அங்கே கார்க் கண்காட்சி நடத்தும். முப்பது நாற்பது கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு காருக்கு முன்னாலும் ஒரு பிஸ்கோத்து டின். வேடிக்கை பார்க்க வருபவர் நுழைவுச் சீட்டில் பாதியைக் கிழித்துத் தனக்குப் பிடித்த காரின் டின்னில் போட வேண்டும். எந்த டின்னில் அதிகம் விழுகிறதோ அந்தக் காருக்கு வெள்ளிக் கப்பு. திருச்சி ஜனங்களுக்கு எந்தக் காரைப் பிடிக்கும் என்பதில் சங்கத்துக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். ரசூலுக்குச் சந்தேகமே கிடையாது.

ரசூல், பெரிய கடைவீதியில் ஹாரன் வியாபாரம் செய்தவர். அவருடைய காரின் நெற்றியில் ஒரு தகர மயில். ஹாரனை அமுக்கினால் தோகை விரியும். விட்டால் மூடும். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக பல்புகள். அது வருவதைப் பார்த்தால் ஒரு கல்யாண வீட்டைப் பெயர்த்துச் சக்கரம் மாட்டி உருட்டி வருவதுபோல இருக்கும். மூன்று தெருவுக்கு ஒரு குழந்தை பயந்து அழும். டின் நிரம்பும்.

மச்சானின் ஆஸ்டினில் மயில் இல்லை. பதினோரு வேலைகள் இருந்தன. ஐந்து வருஷத்தில் செய்தவை. கூரையை மூன்று விரல் தாழ்த்தியிருந்தார். எங்கே அறுத்தார், எங்கே ஒட்டினார் என்று கூரைக்கே தெரியாது. மட்கார்டு உடம்போடு சேரும் பிளவுகளில் ஈயத்தை உருக்கி ஊற்றி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காரை ஒரே கல்லில் செதுக்கியதுபோல ஆக்கியிருந்தார். பெட்ரோல் மூடியை நம்பர் பலகைக்குப் பின்னால் ஒளித்திருந்தார். இப்படிப் பத்து. பதினோராவது, கதவு.

அந்தக் காலத்துக் கார்களின் கதவைச் சாத்தினால் சமையலறையில் தாம்பாளம் விழுந்ததுபோலச் சத்தம் கேட்கும். மச்சான் ஒரு பழைய ஆர்மோனியத்தைப் பிரித்து அதன் கம்பளித் துணியை எடுத்து, சைக்கிள் ட்யூபைக் கீறி, கதவுக்குள் எங்கெங்கோ ஒட்டி, கீலை ஆறுமுறை மாற்றி, மூன்று மாதம் அந்த ஒரு சத்தத்துக்காகவே பாடுபட்டார். கடைசியில் கிடைத்தது. ஐந்நூறு பக்க நாவலை முடித்துவிட்டு, பெருமூச்சோடு அட்டையை மூடும்போது வருமே, அந்தச் சத்தம். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா மட்டும், “சாத்துன மாதிரியே இல்ல. சரியாச் சாத்துங்க” என்றாள்.

மச்சானுக்கு ஒரு கொள்கை இருந்தது. செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தால் அது வேலையே இல்லை. அவருக்கு ஓர் ஆசையும் இருந்தது. அந்த வேலையை ஊரே பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முதல் வருஷம் அவர் டின்னில் மூன்று சீட்டுகள் விழுந்தன. இரண்டாம் வருஷம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் காரைச் சுற்றி வந்து, கண்கலங்கி, மைக்கில் அறிவித்தார்: “தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை சற்றும் மாறாமல், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பேணப்பட்ட வண்டி!” அதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள். அதுதான் அக்கா சொன்ன காயிதம். மச்சான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல்யாணத்தில் பிரியாணி என்பதால் சாப்பிட்டார்.

இது மூன்றாவது வருஷம், 1962. அக்கா கெடு வைத்திருந்தாள். அவளிடமும் நியாயம் இருந்தது. ரிப்பேருக்கு வந்த ஊரார் கார்கள் எல்லாம் வாசலில் மழையில் நனைய, இவர் உள்ளே ஆஸ்டினுக்கு ஈயம் ஊற்றிக்கொண்டிருந்தால் எந்தக் குடும்பம் தாங்கும்? இந்த வருஷம் கப்பு வரவில்லையென்றால் காரை உப்பிலியபுரம் அழகிரிக்கு விற்றுவிடுவது என்று மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அழகிரி பச்சமலை அடிவாரத்து விவசாயி. பட்டறைக்கு வேறெதற்கோ வந்தவர், ஆஸ்டினைப் பார்த்தார்.

“ஓடுமா பாய்?”

“ஓடும்ணே.”

“அப்ப முன் சீட்டுக்குப் பின்னாடி இந்தக் கூரையை அறுத்து எடுத்துட்டு, பலகை அடிச்சா, எட்டு மூட்டை மரவள்ளிக் கெழங்கு ஏத்தலாம்.”

சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, எங்கே அறுப்பது என்று கூரைக்கு மேலே காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். மச்சான் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

ஆகவேதான் அன்றைக்கு மயிலும் கிளியும். அக்கா உள்ளே போனதும் மச்சான் என் பக்கம் திரும்பினார்.

“பஷீரு, நீ இவ்வளவு பொஸ்தகம் படிக்கிறியே. அதுல எங்கேயாச்சும் இதுக்கு வழி சொல்லியிருக்கா?”

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. படித்த நாவல்களையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன். தூக்கு மேடை, காசநோய், வாரிசு இல்லாத மாளிகை. கார் வேலைக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நடன விருந்து நினைவுக்கு வந்தது. அதில் வரும் அழகி எங்கே போனாலும் தன் ஒன்றுவிட்ட தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். தங்கைக்கு அதே மூக்கு, அதே கண். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கோணல்.

“மச்சான், உங்க காரைத் தனியா நிறுத்துறதுதான் தப்பு. பக்கத்துலயே அதே வருஷம், அதே மாடல், கை வைக்காத ஆஸ்டின் ஒண்ணை நிறுத்துங்க. அதைப் பாத்துட்டு இதைப் பாத்தா வித்தியாசம் தானா தெரியும்.”

மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் சட்டையில் கிரீஸ். அதை நான் பெருமையாக நினைத்து ஒரு வாரம் துவைக்கவில்லை.

அந்த வருஷத்து ஆஸ்டின் எங்களுக்குத் தெரிந்து இன்னொன்றுதான் இருந்தது. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், வக்கீல் திருநாராயண அய்யங்கார் வீட்டில். மறுநாளே பஸ் ஏறிப் போனோம். கார் ஷெட்டில் நின்றது. ஏகாதசிக்கு ஏகாதசி மட்டும் கிளப்புவார்களாம். பெயிண்ட் வெளிறி, ஓரங்களில் துரு ஏறி, பானெட்டின் நடுவில் ஒரு முழ உயரத்துக்குப் பட்டையாக ஒரு நாமம்.

மச்சான் வந்த விஷயத்தைப் பணிவாகச் சொன்னார். வக்கீல் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது அது கோர்ட்டுக் கண்ணாக இருந்தது.

“ஆக, பாய், என் வண்டியோட அவலட்சணத்தைக் காட்டி உம்ம வண்டிக்கு சௌந்தர்யம் சேக்கப் போறீர். அதானே?”

“அப்படி இல்லீங்க சாமி...”

“ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையிலே சொல்லும்.”

“ஆமாங்க.”

“சத்தியம் பேசறீர். சந்தோஷம். பெருமாள் சொத்து மாதிரி வச்சிருக்கேன், யார் கையிலும் கொடுக்கறதில்லை. அடியேனே ஓட்டிண்டு வரேன். ஆனா சும்மா நிக்க மாட்டேன். என் வண்டிக்கும் ஒரு டின் வச்சாகணும். போட்டின்னா போட்டி.”

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் மச்சான் சிரித்துக்கொண்டே வந்தார். “அந்த வண்டிக்கு டின்னாம் பஷீரு. மழை பேஞ்சா தண்ணி பிடிக்க உதவும்.”

கண்காட்சி நாள் காலை ஏழு மணிக்கே இரண்டு ஆஸ்டின்களும் மன்னார்புரம் மைதானத்தில் அடுத்தடுத்து நின்றன. சங்கத்து விதிப்படி கதவுகள் எல்லாம் நாள் பூராவும் திறந்திருக்க வேண்டும். உள்ளே பார்க்க வசதியாக. அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மைதானத்தின் ஓரம் திரை கட்டிய ஜட்காவில் உட்கார்ந்திருந்தாள். கண்காட்சி பார்க்க அல்ல, வாக்கு நிறைவேறுகிறதா என்று பார்க்க வந்ததாக ஜட்காக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

என் யோசனை வேலை செய்வது எனக்கே தெரிந்தது. பழைய ஆஸ்டினைப் பார்த்துவிட்டு மச்சானின் ஆஸ்டினைப் பார்த்தால், தூங்கி எழுந்த முகத்தையும் குளித்து வந்த முகத்தையும் பார்ப்பதுபோல இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜனங்கள் வருவார்கள். வக்கீல், மோட்டார் சங்கத்துக் காரியதரிசியிடம் சட்டம் பேசப் போயிருந்தார். அப்போதுதான் மச்சான் அந்தத் தவறைச் செய்தார். அவரால் செய்யாமல் இருக்க முடியாத தவறு.

“பஷீரு, ரொம்ப அழுக்கா இருக்குடா.”

“இருக்கட்டும் மச்சான். அதுக்காகத்தானே கொண்டு வந்தோம்?”

“துருவு இருக்கட்டும். அழுக்கு எதுக்கு? லேசா ஒரு தொடை தொடச்சிடறேன்.”

அழுக்குக் காரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அந்த மனிதரால் முடியாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்தார். மட்கார்டு, கண்ணாடி, பானெட். நாமத்தின் அடியில் மூக்குமாதிரி நீண்டிருந்த ஒரு சிறு வெள்ளைப் பட்டையின் மேல் துணி பட்டது. அது பெயிண்டு துருவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த இடம். அப்படியே செதிலாகத் துணியோடு வந்துவிட்டது. இருவரும் துணியைப் பார்த்தோம்.

“சுண்ணாம்பா?”

“சுண்ணாம்பாத்தான் இருக்கும்” என்றேன் நான், உலக இலக்கியம் படித்தவன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அரை மணி தூரத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர். நாமத்துக்குக் கீழே பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை என்பதும், அந்தச் சின்னத் துண்டுக்காகத் தாத்தா காலத்திலிருந்து கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செதிலைத் திரும்ப ஒட்டப் பார்த்திருப்போம்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. முதலில் ரசூலின் மயிலிடம் போனது. தோகை விரிந்தது, மூடியது. பிறகு எங்கள் வரிசைக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பழைய ஆஸ்டினின் முன்னால் வந்ததும் சடாரென்று நின்றார்.

“ஓய் திருநாராயணன்! எப்போ கலை மாறினீர்?”

வக்கீல் சிரித்துக்கொண்டே திரும்பினார். நாமத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“அபசாரம்! பாதம் எங்கே? எங்க தோப்பனார் தன் கையாலே சாத்தின திருமண். பாதம் எங்கே?”

“தானா உதிர்ந்திருக்கும். வண்டிக்காவது ஞானம் வந்ததேன்னு சந்தோஷப்படுமேன்” என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் நெற்றியில் பாதம் இல்லை.

அவ்வளவுதான். பெருநாளைக்குப் பிறை தெரிந்ததா இல்லையா என்று எங்கள் தெருவில் நடக்கும் சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன். இது அதற்கு ஒன்றும் குறைந்ததல்ல. பாதம் உண்டு என்பவர்கள், அநியாயமாகப் பாதம் இழந்த காருக்கு நீதி வேண்டும் என்று டின்னில் சீட்டைப் போட்டார்கள். பாதம் இல்லை என்பவர்கள், தங்கள் பக்கம் வந்து சேர்ந்த காரை விட்டுக்கொடுக்கலாமா என்று அவர்களும் போட்டார்கள். இரண்டிலும் சேராதவர்கள் நெரிசலில் வேறு எங்கும் நகர முடியாமல் அங்கேயே போட்டார்கள். டின் நிரம்பி, சங்கத்துக்காரர்கள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த வரிசையில் மயில் தனியாக விரிந்து, தனியாக மூடிக்கொண்டிருந்தது.

மச்சானின் ஆஸ்டின் மூன்று முழம் தள்ளி நின்றது. சண்டையை வசதியாகப் பார்க்க அதன்மேல் நாலு பேர் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் குடையைக் கூரையில் வைத்தார். ஐந்து வருஷம் ராவிய மட்கார்டின் மேல் ஒருவர் வேர்க்கடலையைப் பரப்பி, உரித்துத் தின்றார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே” என்றார் மச்சான் ஒருவரிடம்.

“ஏன், உங்க வண்டியா? நல்லா உறுதியா இருக்கு பாய்” என்றார் அவர், சாய்ந்தபடியே.

மத்தியானம் அக்கா ஜட்காவிலிருந்து தன் பாதிச் சீட்டை நீட்டினாள். “இதை எங்கேயாச்சும் போடு தம்பி.”

“எதுல போட?”

“அந்தக் கூறுகெட்ட வண்டியிலயே போடு. வேற எதுல போடுறது?”

நான்கு மணிக்கு எண்ணினார்கள். மச்சானின் டின்னில் இரண்டு சீட்டுகள். ஒன்று என்னுடையது, ஒன்று அக்காவுடையது. ஒரு கைப்பிடி கடலைத் தோலும் இருந்தது. வெள்ளிக் கப்பு ஸ்ரீரங்கத்து ஆஸ்டினுக்கு. வக்கீல் கப்பை மேல்துண்டில் ஏந்திக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

“அடியேன் இதிலே செய்தது ஒண்ணுமில்லை. எல்லாம் பெருமாள் பண்ணினது.”

“பெருமாள் இல்ல சாமி. நான்தான் பண்ணேன்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார் மச்சான். துணி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது அழகிரி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, கையில் சாக்குக்கட்டி. “கப்பு வரலையாமே பாய்? சரி, வாங்க, முடிச்சிருவோம்.”

மச்சான் தலையாட்டினார். வாக்கு வாக்குதான். ஜட்காவின் திரை ஒரு விரல் விலகியது.

அழகிரி சாக்குக்கட்டியைக் கூரையில் வைத்தார். கோடு போடவில்லை. கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் கூரையைத் தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு பக்கத்து ஆஸ்டினிடம் போனார். கதவுக்குக் கீழே இருந்த விளிம்பிலிருந்து கூரை வரை சாண் போட்டு அளந்தார். திரும்பி வந்து இதையும் அளந்தார்.

“அதுக்கு அஞ்சு சாண். இதுக்கு மூணு விரல் கம்மி. பாய், கூரையை எறக்கியிருக்கீங்க.”

மச்சானின் முகத்தில் ஏதோ நடந்தது. “நீங்க... கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிக்காம? நாப்பது வருஷமா மணப்பாறைச் சந்தையில மாடு பிடிக்கிறவன். கிழட்டு மாட்டுக்குப் பல்லை ராவி, கொம்பைச் சீவி, கறுப்பு மை தடவி நாலு பல்லுக் காளைன்னு கொண்டாந்து நிறுத்துவானுங்க. கண்ணால பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். கையை வச்சாத்தான் தெரியும்.” ஒரு விரலை மடக்கினார். “ஒண்ணு.”

அவர் மாட்டைச் சுற்றி வருவதுபோல வந்தார். மட்கார்டை விரல் முட்டியால் தட்டினார். “இங்க டங்குங்குது, இங்க மொத்துங்குது. ஈயம் ஊத்தி மறைச்சிருக்கீங்க. ரெண்டு.” குனிந்து அடியில் பார்த்தார். “ஸ்பிரிங்குல ஒரு பட்டையைக் காணோம். அதான் பெட்டைக் கோழி மாதிரி தாழ உக்காந்திருக்கு. மூணு.” பானெட்டின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தினார். “அந்த வண்டிக்கு இங்க எறக்கை வச்ச பொம்மை ஒண்ணு இருக்கு. இதுல பிடுங்கிட்டு, குழியைத் தூத்துட்டீங்க. நாலு.”

“ஆமாண்ணே” என்றார் மச்சான்.

“முன் லைட்டைக் குழிக்குள்ள தள்ளியிருக்கு. அஞ்சு. திரும்பும்போது கை மாதிரி வெளிய நீட்டுமே, அந்தப் பொந்தை அடைச்சிருக்கு. ஆறு.” அழகிரியின் குரல் ஏற ஏற, நாமத்தை விட்டுவிட்டு ஜனங்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மோசடி நடக்கிறது என்றால் நம் ஜனங்களுக்கு ஓர் ஆர்வம் உண்டு. “பெட்ரோல் ஊத்துற வாயி எங்க பாய்? வாலுக்குக் கீழயா? ஏழு. இதெல்லாம் அடுக்குமா?”

“ஏழாவதை எங்கிட்டகூடச் சொல்லலையே” என்று திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

போன வருஷம் காயிதம் கொடுத்த சங்கத்துப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டி, குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பம்பரில் போல்ட்டுத் தலை ஒன்றுகூட வெளியே தெரியாததை அழகிரி சொன்னார். எட்டு. பின் கண்ணாடி இரண்டு விரல் அகலம் கூடியிருப்பதைச் சொன்னார். ஒன்பது. கடைசியாக நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“பெயிண்டுகூட ஒரே நெறமில்ல. கீழ போகப் போகக் கறுப்பு ஏறுது. வயிறு மெலிஞ்சு தெரியறதுக்கு. ஏ அப்பா! பத்து.”

இரண்டு கைகளும் மூடிய முஷ்டிகளாகிவிட்டன. அவற்றை மச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பத்து எடத்துல ஏமாத்து வேலை. நீங்க மணப்பாறைக்கு வந்திருந்தீங்கன்னா ஊரையே வித்திருப்பீங்க பாய். எனக்கு இந்த வண்டி வேண்டாம். என் மரவள்ளி மாட்டு வண்டியிலயே போகட்டும்.”

சாக்குக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மைதானத்தில் ஒரே பேச்சு. பெரியவர் மட்கார்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். குடை வைத்த ஆசாமி மெதுவாகக் குடையை எடுத்துக்கொண்டார். மச்சானை நான் அவருடைய நிக்காஹ் அன்றைக்குப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட இந்த முகம் இல்லை.

அக்கா ஜட்காவிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். துப்பட்டிக்குள்ளிருந்து அவள் சொன்னது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் கேட்டது.

“ஸ்ஸ்... பேசாம இருங்க. அவரு போகட்டும். வாங்குறவரே வேண்டாம்னுட்டாரு, நம்ம வாக்குல குத்தமில்ல. வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். வீட்டுக்குப் போவோம்.”

அதைவிட நல்ல செய்தி அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு இருக்க முடியாது. கூரை தப்பித்தது. அக்காவே வழி விட்டுவிட்டாள். செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது மட்டும்தான். அழகிரி சாலை ஓரத்துப் புளியமரத்தை நெருங்கிவிட்டார். இன்னும் இருபது எட்டு வைத்தால் மன்னார்புரம் முக்கில் பஸ் ஏறிவிடுவார்.

மச்சான் நின்றார். அக்காவைப் பார்த்தார். காலையிலிருந்து திறந்தே கிடந்த கதவைப் பார்த்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்தேன். உதறினார்.

“வேண்டாங்க” என்றாள் அக்கா.

அதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். மண்ணெண்ணெய்த் துணி கையில் கொடிமாதிரி பறந்தது. புளியமரத்தடியில் அழகிரியை மறித்தார். மூச்சு வாங்கியதில் முதலில் சொல் வரவில்லை. பிறகு வந்தது, மைதானம் பூராவும் கேட்கும்படி.

“பத்து இல்லண்ணே, பதினொண்ணு! ஒண்ணை விட்டுட்டீங்க. அது கைக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். திரும்பி வந்து, அந்தக் கதவை ஒரே ஒரு தடவை சாத்திப் பாத்துட்டுப் போங்கண்ணே.”